12 லிட்டர் பெட்டி

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் சுற்றுவட்டாரத்துக்கே கொண்டாட்டம்தான். மரவேலை செய்பவர்களுக்கு மட்டும் அது தலைவலிக் காலம். ஆனி, ஆடி சாரலில் பசை சீக்கிரம் காயாது. கதவு போய் நிலையில் இறுகிக்கொள்ளும். நேற்று இழைத்து வைத்த பலகை இன்று லேசாக வளைந்து கிடக்கும்.

அப்படி ஒரு சாரல் நாளில்தான் வடகரையில் ஓர் ஆசாரியின் பட்டறைக்கு அந்த அட்டைப்பெட்டி வந்தது. கொண்டு வந்தவர் பத்து வருஷம் சவூதியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், நாற்பது வயதுக்காரர். ஆசாரிக்கு அறுபது. பெட்டிக்குள் இரண்டு ஜப்பான் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர், உள்ளங்கை அளவுதான். விலையைக் கேட்டதும் ஆசாரி கையில் எடுத்ததை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டார்.

"இந்தச் சின்னதுக்கா தம்பி இவ்வளவு?"

"ஆமா அண்ணாச்சி. பெட்டி நீங்கதான் செஞ்சு தரணும்."

அப்படி என்ன விசேஷம் அதில்? வழக்கமான ஸ்பீக்கர் பெட்டியில் தடித்த சத்தத்துக்கு ஒரு வூஃபர், மெல்லிய சத்தத்துக்கு ஒரு ட்வீட்டர், இரண்டுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு கிராஸ்ஓவர் இருக்கும். ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கரில் அதெல்லாம் கிடையாது. ஒரே காகிதக் கூம்பு எல்லாவற்றையும் பாட வேண்டும். அமெரிக்காவில் ரைஸும் கெல்லாக்கும் 1925-ல் இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 1930-களில் பால் வாய்ட், லோதர் என்ற இருவர் ஒற்றைக் கூம்பிலேயே எல்லாச் சத்தத்தையும் கொண்டுவருவதில் இறங்கினார்கள். பிறகு ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் போன்றவர்கள் வந்தார்கள். பாடகரின் குரல் இரண்டு மூன்று துண்டாகப் பிரியாமல் ஒரே இடத்திலிருந்து வருவதுதான் இதன் சுகம். அதற்காகவே காசைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பலவீனமும் அங்கேதான். கூம்பு சின்னது, எடையில்லாதது. அடி சத்தத்துக்கு அது பெட்டியைத்தான் நம்பியிருக்கிறது.

ஸ்பீக்கரைப் பெட்டியில்லாமல் சும்மா கையில் பிடித்துப் பாட விட்டுப் பாருங்கள். கொசு பாடுவது போல இருக்கும். கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நேரம் பின்பக்கக் காற்று இளகுகிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு இந்தச் சின்ன விளிம்பு ஒரு தடையே இல்லை. அதனால் அடி சத்தம்தான் முதலில் காணாமல் போகும்.

நம்மூர் சலூன்களிலும் டீக்கடைகளிலும் முன்பெல்லாம் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி வைத்திருப்பார்களே, அது இதற்கான வைத்தியம்தான். பின்பக்கக் காற்று பானைக்குள் அடைபட்டுவிடும். பெட்டியில் ஒரு குழாயும் வைத்தால் இன்னும் நல்லது. காலி பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்கிறதல்லவா, அதே போல உள்ளே இருக்கும் காற்றே அடி சத்தத்துக்குக் கைகொடுக்கும். ஆல்பர்ட் துராஸ் என்பவர் 1932-ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்பதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் தீலும் (1961) அவருக்குப் பின் 1970-களில் ஸ்மாலும். அதுவரை பெரும்பாலும் குத்துமதிப்புதான்.

சவூதிக்காரர் கொண்டு வந்த தாளிலும் அந்தக் கணக்கு இருந்தது. 12 லிட்டர் பெட்டி, 5 சென்டிமீட்டர் விட்டத்தில் 10 சென்டிமீட்டர் நீளக் குழாய். அப்போது பெட்டி 60 ஹெர்ட்ஸில் முழங்கும். அவரே பெருக்கிப் பார்த்து 18 × 22 × 30 சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார். கனசதுரமாகச் செய்தால் மூன்று பக்கமும் ஒரே சத்தத்துக்கு அதிரும், அதனால் மூன்று அளவும் வேறு வேறு. எல்லாம் சரிதான்...

பிளைவுட் என்றதும் ஆசாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒட்டுப்பலகையிலயா? பாடுத சாமானுக்குப் பலாதான் தம்பி. வீணைக்கு என்ன மரம்? மிருதங்கத்துக்கு என்ன மரம்?" என்றார். நல்ல நாளுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பலாப் பலகையை எடுத்தார். சவூதிக்காரருக்கு மறுத்துப் பேச மனசு வரவில்லை.

ஆசாரி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் வீணையின் குடம் அதிர வேண்டும், அந்த அதிர்வுதான் அதன் குரல். ஸ்பீக்கர் பெட்டி பாடக் கூடாது. பாடகர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார், பெட்டியும் சேர்ந்து பாடினால் எல்லாப் பாட்டிலும் மரத்தின் குரல் கலந்துவிடும். அதனால்தான் கனமான பலகை, உள்ளே குறுக்குச் சட்டம், பஞ்சு எல்லாம்.

பெட்டிகள் வந்தன. பார்க்க அவ்வளவு அழகு. மஞ்சள் பலா, தொட்டால் பட்டு. பாட்டைப் போட்டார்கள். குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வயலின் உருகியது. மிருதங்கத்தின் வலந்தலை 'டிங்' என்று கேட்டது. தொப்பியைத்தான் காணோம்! சவூதிக்காரருக்கு முதலில் வந்த சந்தேகம் ஸ்பீக்கரே போலியோ என்பது. அடுத்த சந்தேகம் மரத்தின் மேல். இரண்டு நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் ஸ்பீக்கரைக் கழற்றி, உள்ளே டேப்பை விட்டு அளந்தார். 14.4 × 18.4 × 26.4. பெருக்கினால் 7 லிட்டர்!

நடந்தது இதுதான். ஆசாரி 18 × 22 × 30 என்பதை வெளி அளவாக எடுத்துக்கொண்டார். பலகையின் கனம் 18 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து ஒவ்வோர் அளவிலும் 3.6 சென்டிமீட்டர் போய்விட்டது. கேட்கும்போது சின்ன வித்தியாசம்தான், ஆனால் 12 லிட்டரில் 5 லிட்டர் காணாமல் போயிருந்தது. அதே குழாய் இப்போது 60-க்குப் பதிலாக 78 ஹெர்ட்ஸில் முழங்கியது.

தப்பு யாருடையது? தாளில் 'உள் அளவு' என்று எழுதவில்லை. அலமாரி, கட்டில், ஜன்னல் எல்லாவற்றுக்கும் மூலையில் அடங்குமா, சுவரில் பொருந்துமா என்று வெளி அளவைப் பார்த்துத்தான் ஆசாரிக்குப் பழக்கம். விஷயம் தெரிந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "இத்தன வருஷமா மரத்த அளந்துருக்கேன். காத்த அளக்கச் சொல்லி யாரும் கேட்டதில்ல தம்பி."

கூலி வேண்டாம் என்றுவிட்டார். இவரும் விடவில்லை, அவரும் வாங்கவில்லை. பேச்சு அங்கேயே நின்றுபோனது.

பங்குனி வெயிலில் இன்னொன்றும் தெரிய வந்தது. பெட்டியின் மூட்டு ஒன்று விரிந்து நூல் போல இடைவெளி. சாரல் காலத்தில் ஈரம் குடித்த மரம் வெயிலில் அதை விட்டுச் சுருங்கும். நீள வாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகல வாக்கில்தான் சுருங்கும். அந்த இடைவெளி வழியே காற்று கசிந்தால் குழாயின் வேலை கெடும். பிளைவுட்டில் ஒவ்வொரு தாளும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். சங்கதியைச் சொல்ல இவர் போனபோது ஆசாரி, "தெரியும் தம்பி, நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன். ஒட்டுப்பலகையே வாங்கிட்டு வாங்க" என்றார்.

இரண்டாவது ஜோடிக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். மூட்டுகளில் பசை காயக் கோடை வெயில் போதுமானதாக இருந்தது. நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். உள்சுவரில் தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சு வைப்பதாகத் திட்டம். பஞ்சு வைப்பதற்கு முன் ஆசாரி, "கொஞ்சம் இருங்க" என்று வீட்டுக்குள் போய் ஒரு லிட்டர் படியும் நெல் மூட்டையும் கொண்டு வந்தார். குழாய்க்கான ஓட்டையை அட்டையால் அடைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஓட்டை வழியாக ஒவ்வொரு படியாக நெல்லைக் கொட்டினார். ஒண்ணு, ரெண்டு... பன்னிரண்டு. அதற்கு மேலும் அரைப் படி பிடித்தது.

"அரைப் படி கூட இருக்கே அண்ணாச்சி?"

"காந்தமும் குழாயும் உள்ள உக்காருமே, அதுக்கு இடம் வேண்டாமா?"

தாளில் அது இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவும் இல்லை.

அன்று சாயங்காலம் மிருதங்கத்தின் தொப்பி கேட்டது. கோயில் கொடைக்குக் கட்டும் செட் போல நெஞ்சு அதிரவில்லை, 10 சென்டிமீட்டர் கூம்பிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் வாசித்தவரின் இடது கை எங்கே விழுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆசாரி ஒரு பாட்டு முழுக்க நின்றுகொண்டே கேட்டார்.

இந்த முறை கூலி வாங்கிக்கொண்டார். பழைய ஜோடிக்கும் சேர்த்துத்தான். அந்தப் பலாப் பெட்டிகள் இப்போது பட்டறையில் இருக்கின்றன. விரிந்த மூட்டில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, சாதா ஸ்பீக்கர் போட்டு ரேடியோவில் மாட்டியிருக்கிறார். சாரல் காலத்தில் அந்த மூட்டு தானாகவே இறுகிக்கொள்கிறதாம். அப்போது சத்தம் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்கிறார்.