படலை இலக்கம்

எமது வீட்டின் முன்னறையிலே பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. விடைத்தாள் திருத்தி முடித்த வேளைகளில் நாம் அதிலே எழுதுவோம். மற்றைய நேரங்களில் அது பாடசாலைப் பிள்ளைகளின் உடைமை. வீட்டிலே கணினி இல்லாத மாணவர் விண்ணப்பம் நிரப்பவும் பழைய வினாத்தாள்களைப் பார்க்கவும் மாலையில் வந்து போவர்.

சென்ற தவணையின் இறுதியில் அவ்வாறு வந்தவள் உயர்தரத்திலே நன்கு சித்தியெய்திய ஒரு மாணவி. தந்தை இல்லை, தாய் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர். பிறநாட்டு நிறுவனமொன்று வழங்கும் உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்க இரண்டே நாட்கள் எஞ்சியிருந்தன. பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுத் தாளையும் உறையிலிட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆயின் படிவம் திறக்கவில்லை. உமது ஐ.பி. முகவரியிலிருந்து முறையற்ற கோரிக்கைகள் வந்தமையால் அனுமதி மறுக்கப்படுகிறது என்ற பொருளில் ஆங்கிலத்திலே இரண்டு வரிகள் மாத்திரம் தோன்றின. அவள் அவற்றை இருமுறை படித்தாள்.

“சேர், நான் ஒண்டும் செய்யேல்லை” என்றாள்.

அச்சொல் எம்மை வருத்தியது. குற்றஞ்சாட்டியது ஓர் இயந்திரம். குற்றம் யாதென்றும் அது விளக்கவில்லை. எனினும் அந்தப் பிள்ளை உடனே தான் நிரபராதி என்று நிறுவ முற்பட்டுவிட்டாள். வறுமை இப்பழக்கத்தை இளமையிலேயே கற்பித்துவிடுகிறது.

தமிழ் படித்த எமக்குக் கணினியின் உள்விவகாரம் அதிகம் தெரியாது. ஆனால் ஆசிரியர் என்ற அகந்தை இருக்கிறதே! முகவரிதானே குற்றம், அதை மாற்றிவிடுவோம் என்று துணிந்தோம். விண்டோஸின் வலையமைப்புப் பகுதியிலே முகவரியைத் தானாகப் பெறுவதா, கையால் எழுதுவதா என்று தெரிவுசெய்யலாம். 192.168.1.5 என்றிருந்ததை 192.168.1.50 என்று எழுதினோம். 255.255.255.0 என்பதையும், நுழைவாயில் என்ற கட்டத்தில் 192.168.1.1 என்பதையும் முன்பிருந்தவாறே குறித்தோம். டி.என்.எஸ். கட்டத்தை வெறுமையாக விட்டமையால் ஒரு பக்கந்தானும் திறவாது போயிற்று, அதனையும் நிரப்பினோம். இணையம் மீண்டது. அதனோடு அந்த இரண்டு வரிகளும் மீண்டன.

நகரத்துக் கணினிக் கடையொன்றிலே வேலை செய்யும் எமது பழைய மாணவனைத் தொலைபேசியில் அழைத்தோம். அவன் சிரித்தான். “சேர், வீட்டுக்குள்ள கதிரையை இடம் மாத்தி வைச்சிருக்கிறியள். படலை இலக்கம் அதேதானே?” என்றான்.

இத்தனை தெளிவாக நாம் இலக்கணங்கூடக் கற்பித்ததில்லை. 192.168 என்று தொடங்கும் எண்கள் 1994 ஆம் ஆண்டு மார்ச்சில் உள்வீட்டுப் பாவனைக்கென்றே வகுக்கப்பட்டவை. உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள் புழங்குகின்றன. வெளியே அவற்றுக்கு மதிப்பில்லை. வெளியுலகம் காண்பது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுக்கும் முகவரியை. அவன் சொற்படி ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அங்கே 100 என்று தொடங்கும் எண் இருந்தது. “அதுவும் உங்கட இல்லை, சேர்” என்றான். 100.64 முதல் 100.127 வரையான எண்களை நிறுவனங்கள் தமக்குள்ளே பாவிப்பதற்காக 2012 ஏப்பிரலில் ஒதுக்கினார்களாம். பல வீடுகளை உள்ளே வைத்து, அனைத்துக்கும் ஒரே வெளிமுகவரியைக் காட்டுகிறார்கள். எவரோ ஒருவர் வீட்டிலே நடந்த குறும்புக்கு, அல்லது அவரே அறியாமல் அவர் கணினியிற் புகுந்த ஒரு கிருமியின் வேலைக்கு, எம் வீட்டுக்கு வந்த பிள்ளை பதில் சொல்ல நின்றாள்.

இந்த நெருக்கடி எங்கிருந்து வந்தது? 1981 செப்டெம்பரில் வரையறுக்கப்பட்ட முறையிலே முகவரிகளின் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி. அன்றைய உலக சனத்தொகையே அதனிலும் கூட. தலைக்கு ஒன்று என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருக்கவில்லை என்பது வெளிப்படை. முந்தியவர் அள்ளிக்கொண்டனர். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் ஒன்றே 18 என்று தொடங்கும் ஒரு கோடியே 67 இலட்சம் முகவரிகளை வைத்திருந்தது. 2017 இல், அவற்றிலே பெரும்பகுதி பாவனையில் இல்லை என்று கூறி, ஒரு பங்கை விற்றது, வாங்கியது அமேசன். மத்திய இருப்பு 2011 பெப்ரவரி 3 ஆம் திகதியே தீர்ந்தது. அதே ஏப்பிரலில் ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் இருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்தது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட எமது நாடு பந்தியிலே பிந்தி அமர்ந்தது. தட்டுப்பாடில்லாத புதிய முறை 1995 இலேயே எழுதப்பட்டும் பழையது இன்னும் ஓயவில்லை.

நிற்க. 2008 ஆம் ஆண்டு, மாணவராயிருந்த நாம், பழைய பத்திரிகைகளைப் பார்ப்பதற்காகக் கொழும்பு சென்று சில நாட்கள் தங்க அறை தேடினோம். வீட்டுக்காரர் அன்பாகவே பேசினார். பின்னர் அடையாள அட்டையைப் புரட்டிப் பின்புறத்து முகவரியைப் பார்த்தார்; அறை நேற்றே கொடுபட்டுவிட்டது என்றார். அன்று நாமும் மனத்துள்ளே இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டோம்: நான் ஒன்றும் செய்யவில்லை.

நிலையான தனிமுகவரி வேண்டுமாயின் மாதந்தோறும் மேலதிகக் கட்டணம் என்று இணைய நிறுவனத்தார் கூறினர். கைத்தொலைபேசி இணைப்பும் அவர்களுடையதே; அதிலும் அதே மறுப்பு. பத்து நிமிடம் ரவுட்டரை நிறுத்திப் பார்த்தோம், பயனில்லை. இரவு முழுவதும் நிறுத்தி, அதிகாலை ஐந்து மணிக்கு ஏற்றினோம். வெளிமுகவரி மாறியிருந்தது. படிவம் திறந்தது. பாடசாலை மணிக்கு முன்னரே அவள் வந்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துச் சரிபார்த்து அனுப்பி முடித்தாள்.

எழுந்து செல்லுமுன் கேட்டாள்: “அப்ப, பழைய முகவரியில இருக்கிற மற்ற வீட்டுக்காரர் என்ன செய்வினம், சேர்?”

எமக்கு அது தோன்றவேயில்லை. அன்று மாலை அந்த உதவிப்பண நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். ஒரே முகவரியின் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன என்றும், அவற்றிலே விண்ணப்பதாரர் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்றும், முடிவுத் திகதியை ஒரு கிழமை நீடிக்குமாறும் கேட்டோம். மறுமொழி இன்னும் வரவில்லை.