வேண்டாத ஒளி

தொலைநோக்கி வழியே நிழற்படம் எடுக்கப் புகுவோர் முதலில் ஒளி போதவில்லை என்றே குறைபடுவர். சில மாதங்கள் கழிந்தபின் அவர்களே ஒளிக்கு அஞ்சத் தொடங்குவர். நிலவின் படம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிக் கிடக்கும். ஓரத்தில் ஒரு வளைவு மின்னும். ஒளிமிக்க விண்மீனுக்கு எதிர்ப்புறம் மங்கலாய் இன்னொரு விண்மீன் தோன்றும். வானத்தில் இவை எவையும் இல்லை. கருவிக்குள் வழிதவறிய ஒளியின் வேலை இது.

பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில், வலிய ஒளியின் முன் மெலிய ஒளி கண்ணுக்குப் புலப்படாமற் போவதை ஆராய்ந்தார். பகலிலும் விண்மீன்கள் வானில் இருக்கவே செய்கின்றன; சூழ்ந்த ஒளி அவற்றை மறைக்கிறது. அந்தி வானில் இளம்பிறையைப் படம்பிடிக்க முயல்வோரின் இடர்ப்பாடும் இதுவே. ஆனால் அவர்களுக்கு மற்றோர் இடரும் உண்டு. வேண்டாத ஒளி பிறையை மறைப்பதோடு நில்லாது, இல்லாத பிறையைக் காட்டியும் விடும்.

அதனை நான் நேரிற் கண்டேன். ஒரு ஷஃபான் 29ஆம் நாள் மாலை. பள்ளிவாசலை அடுத்த மாடியில், 80 மில்லிமீட்டர் வில்லை கொண்ட சிறு தொலைநோக்கியில் காமிராவைப் பொருத்தி மாணவர் ஒருவர் மேல்வானைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். படத்தின் ஓரத்தில் நூல்போல் ஒரு வளைவு விழுந்தது. செய்தி கீழே சென்றதும் பெரியவர்கள் படியேறி வந்துவிட்டனர். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி, ஊரே தராவீஹுக்குக் காத்திருக்கு" என்றார் ஒருவர். மாணவரின் கை நடுங்கியது.

குழாயைச் சற்றே திருப்பச் சொன்னேன். பிறையாயின் அதே அளவு படத்தில் இடம்பெயர வேண்டும். வளைவோ ஓரத்திலேயே நின்று தடித்தது. பின்னர் குழாயின் வாயை மறைக்காமல், அதன் பக்கவாட்டில் ஓர் அட்டையைப் பிடித்தோம். வளைவு மறைந்தது, அட்டையை எடுத்ததும் மீண்டும் வந்தது. பாங்குக்கு முன் ஏற்றப்பட்ட மினாரா விளக்கின் ஒளி சாய்வாய் உட்புகுந்து, உருளைச் சுவரிற் பட்டு, பிறையின் வடிவில் வளைந்திருந்தது. மோதினார் விளக்கை அணைத்துத் தந்தார். வானில் எதுவும் இல்லை. பிறையைக் கண்ணாற் காண்பதா கருவியாற் காண்பதா என்னும் விவாதம் ஆலிம்களுக்குரியது. நான் அதனுட் புகவில்லை. கருவியைச் சான்றாகக் கொணர்வோர் அக்கருவியின் பொய்களை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்பது மட்டும் என் கருத்து.

மறுநாள் பகலில் காமிராவைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்திற் கண்ணை வைத்து வெள்ளைச் சுவரை நோக்கினோம். (சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.) வில்லையின் வட்டம் மட்டுமே ஒளிர வேண்டிய இடத்தில், அதனைச் சுற்றி வெள்ளி வளையங்கள் பளபளத்தன. குவியத்தைச் சரிசெய்யும் உட்குழாயும், காமிராவை இணைக்கும் உலோக வளையமுமே குற்றவாளிகள். இரண்டுக்கும் கருஞ்சாயம் பூசியேயிருந்தது. நேரே பார்த்தாற் கறுப்பாயிருக்கும் சாயம், சாய்ந்து விழும் ஒளிக்குக் கண்ணாடியாகிவிடுகிறது! ஜவுளிக் கடையில் வாங்கிய கறுப்பு வெல்வெட்டை உட்குழாயில் ஒட்டினோம். வளையத்துக்குப் பளபளப்பற்ற கருஞ்சாயத்தில் மென்மரத்தூள் கலந்து பூசி, நன்கு உலரவிட்டோம். ஈரத்தோடு பொருத்தினால் அதன் ஆவி வில்லையிற் படியும். குழாயின் வாய்க்குக் கறுப்பு அட்டையால் 200 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு முகமூடியும் செய்தோம். செலவு மிகச் சொற்பம்.

இதே வழியைப் பெரிய அளவிற் கையாண்டவர் பிரான்சு நாட்டின் தியெரி லெகோ. 2013 சூலை 8 அன்று, அமாவாசைக் கணத்திலேயே, சூரியனுக்கு 5 பாகைக்கும் குறைவான தொலைவில் நின்ற பிறையைப் பட்டப்பகலில் அவர் படம்பிடித்தார். தொலைநோக்கிக்கு முன்னே துளையிட்ட திரையொன்றை நிறுத்தி, நேரடி வெயில் குழாய்க்குள் விழாமல் தடுத்தார். நீல வானம் இருண்டு தோன்றும் அகச்சிவப்பு ஒளியைத் தேர்ந்துகொண்டார்.

எதிர்ப்புறம் தோன்றும் போலி விண்மீனுக்கு வெல்வெட்டு உதவாது. அது காமிராவின் முன்னுள்ள வடிகட்டிக்கும் பிற கண்ணாடிப் பரப்புகளுக்கும் இடையே ஒளி முன்னும் பின்னும் எதிரொளிப்பதால் வருவது. ஒளிமிக்க பொருளைப் படத்தின் நடுவை நோக்கி நகர்த்தினால், போலியும் எதிர்ப்பக்கத்திலிருந்து நடுவை நோக்கி வரும். வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கலாம். எங்கள் கருவியில் அதன்பின்னும் சிறிது எஞ்சியது. ஆகவே இப்போது பிறைப் படம் ஒன்றாக எடுப்பதில்லை. குழாயைச் சற்று நகர்த்தி மூன்று எடுக்கிறோம். மூன்றிலும் வானத்தோடு ஒத்து நகர்ந்ததை மட்டுமே பெரியவர்களிடம் கொண்டுசெல்கிறோம்.