வாராத வீரர்கள்

களத்தில் தோற்றவனைக் கண்டிருக்கிறோம். கை குலுக்கி ஆறுதல் கூறியிருக்கிறோம். வென்றவனைக் கண்டிருக்கிறோம், தோளில் தூக்கி ஆடியிருக்கிறோம். ஆனால், வெல்லவும் முயலாது, தோற்கவும் துணியாது, வருகிறேன் என்று வாக்களித்துவிட்டு, வரவேண்டிய வேளையில் ஒளிந்துகொள்ளும் மூன்றாம் வகை வீரர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. நான் எழுதத் துணிகிறேன். ஏனெனில், எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் சதுரங்கப் போட்டிக்கு ஆறு ஆண்டுகளாக அட்டவணை எழுதும் வேலை என்னுடையது.

சிறிய போட்டிதான். பரிசு, ஒரு கோப்பையும் சில நூல்களும். ஆடுவோர் பத்துப் பேர். பள்ளி ஆசிரியர் உண்டு, தபால்காரர் உண்டு, மளிகைக் கடைக்காரர் உண்டு, கல்லூரி மாணவர் உண்டு. ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஒரு முறை மோதவேண்டும். ஆக, 45 ஆட்டங்கள். ஞாயிறு தோறும் ஐந்து வீதம் ஒன்பது ஞாயிறுகளில் முடிந்துவிடும். அட்டவணை அமைப்பது அரிய வித்தை அன்று. ஒருவரை ஓரிடத்தில் நிறுத்தி, மற்ற ஒன்பது பேரையும் சுற்றுக்கு ஓர் இடமாக வட்டத்தில் நகர்த்திக்கொண்டே வந்தால், யாரும் யாரையும் இருமுறை சந்திக்கமாட்டார். யாரும் யாரையும் சந்திக்காமல் தப்பவும் மாட்டார். கணக்கு அத்தனை நேர்மையானது. மனிதர்தாம் கணக்கைக் கெடுக்கின்றனர்!

மாலை மூன்று மணி. பலகை விரித்தாயிற்று. காய்கள் அணிவகுத்தாயிற்று. ஒருபுறம் ஒருவர் அமர்ந்திருக்கிறார். எதிர்ப்புறம் வெற்று நாற்காலி. கைப்பேசியில் அழைத்தால் மணி அடிக்கும், எடுக்கமாட்டார். மறுமுறை அழைத்தால் அணைக்கப்பட்டிருக்கும். மறுநாள் கடைவீதியில் கண்டு கேட்டாலோ, காரணங்கள் வரிசை வரிசையாக வரும். காய்ச்சல்! மைத்துனர் வந்துவிட்டார்! பேருந்து தவறிவிட்டது! ஞாயிற்றுக்கிழமை என்பதே நினைவில் இல்லை!

காய்ச்சல் வராத உடல் உண்டா? உண்மைக் காரணங்களும் இருக்கத்தான் செய்யும். இரவு வேலைக்குத் திடீரென அழைக்கப்படும் தொழிலாளியை யார் குறை கூறுவார்? ஆனால், என் ஏட்டைப் புரட்டியபோது ஒரு விந்தை கண்டேன். சிலருக்கு வரும் காய்ச்சல், வலிவற்ற எதிராளியோடு ஆடவேண்டிய வாரத்தில் வருவதே இல்லை! வல்லவரோடு மோதவேண்டிய வாரம் பார்த்தே வருகிறது. மைத்துனரும் அந்த வாரம் பார்த்தே வண்டி ஏறுகிறார்!

"அதனால் என்ன? வராதவருக்குத் தோல்வி, வந்தவருக்கு வெற்றி. கணக்குத் தீர்ந்துவிட்டதே!" என்பர் சிலர். தீர்ந்துவிட்டதா? வாக்கோவர் என்று நாம் வழங்கும் சொல் குதிரைப் பந்தயத்தில் பிறந்தது. போட்டிக்கு வேறு குதிரை இல்லாதபோது, எஞ்சிய ஒற்றைக் குதிரை பந்தயப் பாதையை நடந்தேனும் கடந்தால்தான் அதற்கு வெற்றி. அந்தக் குதிரைக்காவது நடக்கும் வாய்ப்பு இருந்தது! நம் ஆட்டக்காரருக்கு அதுவும் இல்லை. உட்கார்ந்தபடியே வெல்கிறார், உள்ளம் சோர்ந்து வீடு திரும்புகிறார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஆடப்படாத ஆட்டம் தரப்புள்ளிக் கணக்கில் சேர்வதில்லை. ஒளிந்தவர் போட்டியில் ஒரு புள்ளியை இழக்கிறார். தன் தரப்புள்ளியையோ பத்திரமாகக் காப்பாற்றிக்கொள்கிறார். காத்திருந்தவருக்குத் தரப்புள்ளியில் ஓர் அணுவும் ஏறுவதில்லை. தண்டனை யாருக்கு?

மூன்றாமவரையும் எண்ணிப் பாருங்கள். ஆறு பேரோடு ஆடிவிட்டு ஒருவர் மறைகிறார் என்று கொள்வோம். அந்த ஆறு பேர் அவரோடு மணிக்கணக்கில் மல்லுக்கு நின்றனர்; சிலர் தோற்றனர். எஞ்சிய மூவரோ தேநீர் அருந்தியபடியே முழுப் புள்ளி பெறுகின்றனர். கோப்பை அந்த மூவரில் ஒருவருக்குப் போனால், உழைத்தவன் ஏமாந்தான், உட்கார்ந்திருந்தவன் உயர்ந்தான் என்பதன்றி வேறென்ன?

இதைத் தடுக்கச் சதுரங்க உலகில் ஒரு விதி உண்டு. எல்லாரும் எல்லாரோடும் மோதும் போட்டியில், பாதி ஆட்டங்களைக்கூட முடிக்காமல் ஒருவர் விலகினால், இறுதி வரிசைக்கு அவருடைய முடிவுகள் எவையும் எண்ணப்படமாட்டா. 1967ஆம் ஆண்டு துனிசியாவின் சூஸ் நகரில் நடந்த போட்டியில் அமெரிக்க வீரர் பாபி ஃபிஷர் 10 ஆட்டங்களில் 8½ புள்ளி பெற்று முன்னணியில் நின்றார். ஆட்ட நாட்கள் பற்றிய பூசலில் விலகினார். பாதியை எட்டாததால் அத்தனையும் அழிக்கப்பட்டது. டென்மார்க்கின் பென்ட் லார்சன் முதலிடம் பெற்றார். அவரை எதிர்த்துப் போராடிச் சமன் செய்தவர்களின் அரைப்புள்ளிகளும் உடன் அழிந்தன.

நல்ல விதிதான். ஆயினும், அந்த விதி எங்கள் படிப்பகத்தில் செய்த வேலையைக் கேளுங்கள்.

பத்துப் பேரில் ஒருவர், எட்டாம் வகுப்பு படிக்கும் சிறுமி. தறி நெய்யும் தந்தை மிதிவண்டியில் அழைத்து வருவார். ஆட்டம் முடியும்வரை திண்ணையில் அமர்ந்திருப்பார். முதல் ஞாயிறன்று அச்சிறுமி பள்ளி ஆசிரியரை வென்றாள். ஆசிரியர் மனமுவந்து பாராட்டினார். செய்தி ஊரில் பரவிற்று. அடுத்த ஞாயிறு அவளுக்கு எதிரே வெற்று நாற்காலி. அதற்கடுத்த ஞாயிறும் வெற்று நாற்காலி. மூன்றாவது முறையும் அதே! மூவரும் மீசை வைத்த ஆடவர். அவர்களில் ஒருவர் தேநீர்க் கடையில் என்னிடம் மனம் திறந்தார்: "சின்னப் பொண்ணுகிட்ட தோத்தா ஊரு சிரிக்காதாங்க?"

ஐந்தாம் ஞாயிறு தந்தை மட்டும் வந்தார். "ஐயா, ஆட்டம் நடக்குதுன்னுதானே புள்ளையக் கூட்டி வந்தேன். எதிர ஆளே இல்லாம அது சும்மா உக்காந்திருக்கு. பாக்கறவங்க ஒரு மாதிரி பேசறாங்க. இனிமே வேணாங்க" என்றார். அவர் கூறியபோது, சுவரில் தொங்கிய அட்டவணையில் அவர் மகளுக்கு நான்கு புள்ளி! பட்டியலில் முதலிடம், பலகையின் முன்னே இடமில்லை!

அவள் விலகினாள். ஒன்பதில் பாதியை அவள் எட்டவில்லை. எனவே விதி பாய்ந்தது. ஆசிரியரை வென்ற அந்த ஒரே உண்மையான ஆட்டமும் கணக்கில் இல்லாது போயிற்று. ஒளிந்த மூவரின் தோல்விகளும் உடன் அழிந்தன! ஓடியவர் மூவரும் மாசற்றவராய் நின்றனர். ஓடாத சிறுமி, ஓடியவள் என்று ஏட்டில் ஏறினாள். நண்பர்களே, இதைவிடக் கேலிக்கூத்து வேறுண்டோ? பெண்ணை ஆடாதே என்று இவர்கள் தடுக்கவில்லை. வாயால் ஒரு சொல்லும் கூறவில்லை. வராமல் இருந்தனர், அவ்வளவே! கதவைச் சாத்துவதற்குக் கைகூடத் தேவையில்லை என்பதை அன்று கண்டேன்.

"விருப்பமில்லாதவனை ஆடச் சொல்லி வற்புறுத்தலாமா?" என்று கேட்பீர். கூடாது. ஆட மறுக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. 1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்திய அணி தகுதி பெற்றது. சென்னையில் வளர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்த அணியில் இருந்தனர். எதிரணி, நிறவெறியை அரசியல் சட்டமாகவே வைத்திருந்த தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை, ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அது ஒளிதல் அன்று. காரணத்தை உலகறியக் கூறி, இழப்பைத் தாமே ஏற்ற மறுப்பு அது. மறுப்பு வேறு, மறைவு வேறு. மறுப்பவன் தன் கோப்பையை இழக்கிறான். மறைபவன் பிறர் பொழுதைத் திருடுகிறான்.

வந்து தோற்பதில் இழிவும் இல்லை. 1972ஆம் ஆண்டு ரெய்க்யவிக்கில் உலகப் பட்டத்துக்கான ஆட்டம். படம்பிடிக்கும் கருவிகளைக் காரணம் காட்டி ஃபிஷர் இரண்டாம் ஆட்டத்துக்கு வரவில்லை. சோவியத் வீரர் ஸ்பாஸ்கி 2-0 என முன்னின்றார். இன்னும் சற்றுப் பிடிவாதம் காட்டியிருந்தால் பட்டத்தோடு ஊர் திரும்பியிருக்கலாம். அவரோ, எதிராளியின் விருப்பத்துக்கு இணங்கி, மூன்றாம் ஆட்டத்தை மேடையை விட்டுத் தனியறையில் ஆட இசைந்தார். அதில் தோற்றார், முடிவில் 8½-12½ எனப் பட்டத்தையும் இழந்தார். 2025ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது சதுரங்க உலகம் அந்தப் பெருந்தன்மையையும் சேர்த்தே நினைவுகூர்ந்தது. அதே ஃபிஷர் 1975இல் பட்டத்தைக் காக்க வராதபோது, ஒரு காயும் நகர்த்தாமல் கார்ப்போவ் உலக வீரரானார். ஆடிப் பெறாத முடி அல்லவா! பின்னர்ப் போட்டி போட்டியாக ஆடி வென்றே அதற்குத் தாம் உரியவர் என்று காட்டினார்.

எங்கள் விதிகளை மாற்றினோம். வர இயலாதவர் சனிக்கிழமை இரவுக்குள் சொல்லவேண்டும்; சொன்னவர்க்குப் பத்து நாளுக்குள் மறு நாள் உண்டு. சொல்லாமல் வராதவரின் தோல்வி, எதிராளி பின்னர் விலகினாலும் அழியாது. காரணமும் அவர் பெயருக்கு நேரே எழுதப்படும். இரண்டாம் முறை ஒளிந்தவர்க்கு அவ்வாண்டு இடமில்லை. காத்திருந்தவர் ஆடாமல் திரும்பக்கூடாது. மாற்று ஆட்டக்காரர் ஒருவர் எப்போதும் அங்கிருப்பார். அதன்பின் வெற்று நாற்காலிகள் குறைந்தன. காய்ச்சலும் குறைந்தது! அந்தச் சிறுமி மட்டும் இன்னும் திரும்பவில்லை. விதியைத் திருத்த ஒரு மாலை போதும். தந்தையின் மனத்தில் விழுந்த தயக்கத்தைத் திருத்த எத்தனை மாலைகள் வேண்டுமோ!

கோப்பை சிறிதுதான், ஊரும் சிறிதுதான். வாக்கு மட்டும் சிறிதன்று. அட்டவணையில் பெயர் எழுத இசைந்தவர், இன்ன நாள், இன்ன வேளை, இன்னாரோடு என்று ஒரு மனிதனுக்குச் சொல் கொடுத்திருக்கிறார். வல்லவரோ, வயதில் சிறியவரோ, ஆணோ, பெண்ணோ, எதிரே அமர்ந்திருப்பவர் அந்தச் சொல்லை நம்பி வந்தவர். வருவதற்கில்லையெனில் சொல்லுங்கள், ஆட மனமில்லையெனில் காரணம் கூறி விலகுங்கள். இரண்டும் இல்லையெனில், வாருங்கள், அமருங்கள், ஆடுங்கள்! தோற்றால் கை குலுக்க நாங்கள் இருக்கிறோம். வெற்று நாற்காலியோடு கை குலுக்க எவராலும் இயலாது!