மாய் டாய்: மூண்டு கிளாசும் ஒரு தேத்தண்ணியும்

மாய் டாய் எண்டா அன்னாசிச் சாறும் குட்டிக் குடையும் எண்டுதான் நினைச்சிருந்தம். தேடிப் பார்த்தால், 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் விக்டர் பெர்ஜெரோன் தான் உருவாக்கியதாகச் சொன்ன மாய் டாயில் அன்னாசியே இல்லை. 17 வருடம் பழைய ஜமேக்கா றம், தேசிக்காய்ச் சாறு, ஒறேஞ்ச் கியூராசோ, பாதாம் பாணி, சீனிப் பாணி. அவ்வளவுதான்.

அந்த றம் தீர்ந்ததும் வேறு றம்களைக் கலந்தார். 1953இல் ஹவாய்க்குப் போன பிறகுதான் அன்னாசி சேர்ந்தது. ஆக, அந்த முதல் மாய் டாயை இண்டைக்கு ஆரும் லேசில குடிக்க ஏலாது.

ஒரு சனி இரவு நாங்கள் நாலு பேர் கலந்து பாத்தம். பெர்ஜெரோன் முறையில் புளிப்பு முன்னுக்கு, றம் நடுவில, பாதாம் கடைசியில. அன்னாசி விட்டதில் இனிப்பு எல்லாத்தையும் மூடிப்போட்டுது. தென்னஞ்சாராயம் விட்டதில் றம்மின்ர கனம் இல்லை, ஆனா தேசிக்காயோட நல்லாச் சேர்ந்தது.

எங்களில் ஒருத்தி குடிக்கிறதில்லை. அப்பாவின்ர குடியைப் பாத்து வளந்தவள். முந்தி "ஒரு வாய்தானே" எண்டு அவளை வற்புறுத்தியிருக்கிறம். இந்தமுறை றம்முக்குப் பதிலா கடும் சாயத் தேத்தண்ணி விட்டு அவளுக்கும் ஒரு கிளாஸ். நாங்களும் வாங்கிக் குடிச்சம். பாதாம் மணம் அதிலதான் தெளிவாத் தெரிஞ்சது.

அசலே லேசில கிடைக்காத பானத்தில், எது குறைஞ்சது எண்டு ஆர் சொல்லுறது? அண்டைக்கு அவளிட்ட ஆரும் ஏன் எண்டு கேக்கேல்லை.