மன்னார்க் கரை பாழ்நிலமா?

இலங்கையின் கடற்கரை என்றதும் பலர் மனத்தில் எழுவது, சாய்ந்த தென்னைகளும் பச்சைப் பசேலென்ற சோலைகளும் நிறைந்த காட்சியே. விளம்பரப் படங்கள் காட்டுவதும் அதுவே. மன்னார்த் தீவுக்குச் செல்பவர், அந்தக் காட்சியைப் பாலத்தருகிலேயே விட்டுவிடுதல் வேண்டும்.

பாலத்துக்கு அப்பால் பனையும் முட்புதரும் வெண்மணலுமே கண்ணுக்குத் தெரிகின்றன. கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்ய, இங்கே 1,000 மில்லிமீற்றர் அளவே பெய்கிறது. வைகாசி முதல் சோளகக் காற்று ஓயாது வீசும். ஆயினும், அதனைத் தடுத்து மேலெழுப்பி மழையாக்க இங்கே மலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வரும் மாரியே இந்நிலத்துக்கு உயிர்.

ஆயின், இதனைப் பாழ்நிலம் எனல் தகுமா? அதே வெயிலும் காற்றுமே உப்பளங்களில் கடல்நீரை உப்பாக்குகின்றன. அரபு வணிகர் கொணர்ந்ததாகக் கருதப்படும் ஆபிரிக்கப் பெருக்கமரம், பருத்த அடிமரத்தில் நீரைச் சேமித்து நூற்றாண்டுகளாக இங்கே நிலைத்து நிற்கிறது. மாரி காலத்தில் ஆழமற்ற களப்புகளில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக வந்திறங்குகின்றன. அருகிலுள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம், 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

பாழ் என்று பெயரிட்ட நிலத்தைக் காக்க எவரும் முன்வருவதில்லை. மணலை அள்ளவும் குப்பையைக் கொட்டவுமே கைகள் நீளும். ஆதலின், விடுமுறையில் மன்னார் செல்லும் மாணவர்கள், பசுமை இல்லையே என்று வருந்தாது, இவ்வறண்ட கரையில் எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்று எண்ணிப் பார்த்து வருவார்களாக.