வெறுங்குழாயின் வம்சம்

தாராவி 13ஆம் காம்பவுண்டில் ஒரு பங்கார் கடை, அதாவது பழைய உலோகக் கடை. பித்தளைக் குவியலில் ஒரு குழாய் தனியாகத் தெரிந்தது. உருண்டைக் குழாய் அல்ல, செவ்வகம். இரு முனையிலும் சதுரத் தகடு, தகட்டின் நான்கு மூலையிலும் திருகுத் துளை.

"இது எதுக்கு உதவும் அண்ணாச்சி?"

"காலேஜ் லேபுல இருந்து வந்த சரக்கு தம்பி. உள்ள கம்பி கிம்பி எதுவும் கெடையாது, பாத்துக்கோங்க. எடைக்குத்தான் போவும்."

கம்பி இல்லாத குழாயில் எது ஓடும்? அதை ஓட விடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? இந்த இரண்டு கேள்விகளோடு அதை எடைக்கு வாங்கிக்கொண்டு மாட்டுங்கா போனேன். பொறியியல் கல்லூரியில் மைக்ரோவேவ் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் வெர்னியர் வைத்து உட்புறத்தை அளந்தார்: 22.86 மில்லிமீட்டர், 10.16 மில்லிமீட்டர்.

"டபிள்யூஆர் 90. வேவ்கைடு, மைக்ரோவேவ் அலையை நடத்திச் செல்லும் குழாய். அகலம் 0.90 அங்குலம், அதுதான் அந்த 90" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். உலோகச் சுவரை ஒட்டிய இடத்தில், சுவருக்கு இணையான மின்புலம் இருக்க முடியாது, பூஜ்யமாகிவிடும். ஆகவே இடச் சுவரில் பூஜ்யத்தில் தொடங்கி, நடுவில் உச்சம் தொட்டு, வலச் சுவரில் மறுபடி பூஜ்யமாகும் அலைக்குத்தான் குழாய்க்குள் இடம். அது அரை அலை. அரை அலை 22.86 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டுமென்றால் முழு அலைநீளம் 45.72 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதிர்வெண்ணில் சொன்னால் சுமார் 6.56 ஜிகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள எந்த சிக்னலும் சில சென்டிமீட்டருக்குள் தேய்ந்து மறைந்துவிடும். மேலே உள்ளது இரு சுவர்களிலும் மாறி மாறி மோதிக்கொண்டே முன்னேறும். மின்னோட்டம் சுவரின் உள்தோலில் மட்டும்தான்: செம்புக் குழாயானால் 10 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு மைக்ரானில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம். குழாயின் உயரமான அந்த 10.16 மில்லிமீட்டருக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. அகலம்தான் எது போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிக்கிறது.

யார் முதலில் என்ற கேள்விக்குப் பாடப்புத்தகங்கள் 1936ஐச் சொல்கின்றன. பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் சவுத்வொர்த்தும் எம்ஐடியின் வில்மர் பாரோவும் ஒருவரையொருவர் அறியாமல் வேலை செய்து அந்த ஆண்டு அறிவித்தார்கள். ஆனால் இதன் கணிதத்தை லார்ட் ரேலி 1897லேயே எழுதி வைத்திருந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன், நடுவில் கம்பி இல்லாமல் அலை போகாது என்று கருதியவர் ஆலிவர் ஹெவிசைடு. அவ்வளவு பெரிய மூளைக்கும் வெறுங்குழாய் நம்ப முடியாததாக இருந்திருக்கிறது!

ரேலி எழுதிய அதே 1897இல், ஜனவரி மாதம், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கருவிகளை இயக்கிக் காட்டியவர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் ஜகதீச சந்திர போஸ். தீப்பொறியிலிருந்து பிறந்த அலையை உலோகக் குழாய் வழியாக வெளியே விட்டார். கூம்பிய புனல் ஒன்றால் வாங்கிக்கொண்டார். குழாயை அவருக்கு முன் ஆலிவர் லாட்ஜும் பயன்படுத்தியிருக்கிறார், அதை மறைப்பது நியாயமல்ல. போஸின் தனித்தன்மை அலையைச் சுருக்கியதில் இருக்கிறது: சுமார் 5 மில்லிமீட்டர் வரை, அதாவது 60 ஜிகாஹெர்ட்ஸ் அளவுக்கு. ஒளி செய்வதையெல்லாம் இந்த அலையும் செய்கிறதா என்று மேசை மேலேயே சோதிக்க விரும்பினார். நீண்ட அலைக்குக் கருவிகள் மேசையில் அடங்கியிருக்காது.

தேடலில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒரு ரயில் கால அட்டவணை. பிராட்ஷா அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதை அலையின் குறுக்கே வைத்தார் போஸ். மின்புலம் தாள்களுக்கு இணையாக இருந்தால் அலை நின்றுவிட்டது. செங்குத்தாக இருந்தால் கடந்தது. மாட்டுங்காவில் கேட்ட விதியேதான் இது. தாள்களின் இடைவெளி அரை அலையைவிட மிகக் குறைவு, எனவே இணையான புலத்துக்கு இடமில்லை. செங்குத்தான புலத்துக்கு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, குழாயின் உயரத்தைப் போல.

வானொலியைக் கண்டுபிடித்தவர் மார்கோனியா போஸா என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. கடல் தாண்டிச் செய்தி அனுப்ப உலகம் நீண்ட அலைகளுக்குப் போனது. குறுகிய அலை நாற்பது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. அங்கே முன்னால் போய் நின்றதுதான் போஸின் பெருமை. 2012இல் ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் அமைப்பு கல்கத்தாவில் வைத்த மைல்கல் பலகையும் அவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளுக்காகத்தான்.

பம்பாய்க்கு இந்த வித்தை கொலாபா வழியாக வந்தது. அங்குள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1977இல் சிறப்பு மைக்ரோவேவ் பொருட்கள் பிரிவு தொடங்கியது. அதன் கிளையாக 1984இல் பிறந்த சமீர் நிறுவனம் பவாயில், ஐஐடி வளாகத்தில் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் லீனியர் ஆக்சிலரேட்டரை இங்கேயே உருவாக்கியவர்கள் அவர்கள்; சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையிலும் சேவாகிராமிலும் அவை நோயாளிகளுக்குப் பயன்பட்டன.

இந்த இயந்திரத்தில் ஓடுவது சுமார் 3 ஜிகாஹெர்ட்ஸ். அலைநீளம் 10 சென்டிமீட்டர் என்பதால் குழாயின் அகலமும் 72 மில்லிமீட்டராகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மெகாவாட் கணக்கில் சக்தி பாய்வதால் உள்ளே பொறி தெறிக்காமலிருக்க சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவை அழுத்தத்தில் அடைக்கிறார்கள். எலக்ட்ரானை முடுக்கும் பகுதியும் வேவ்கைடின் உறவுதான். வெறுங்குழாயில் அலையின் முகடுகள் ஒளியைவிட வேகமாக நகரும், எலக்ட்ரானால் கூட வர முடியாது. ஆகவே நடுவில் துளையிட்ட செம்புத் தகடுகளை வரிசையாக வைத்து அலையின் ஓட்டத்தைத் தணிக்கிறார்கள். அப்போதுதான் எலக்ட்ரான் முகட்டோடு சேர்ந்து ஓடி ஆற்றல் பெறும்.

சமீர் 1994இல் கொல்கத்தாவில் ஒரு மையம் திறந்தது. அதன் வேலை மில்லிமீட்டர் அலைகள். போஸின் 60 ஜிகாஹெர்ட்ஸுக்கு இன்று பயன்படும் குழாயின் உள்ளகலம் 3.76 மில்லிமீட்டர், உயரம் அதில் சரிபாதி.