மழை கலைத்த அட்டவணை

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரை அடுத்து, சுமார் 25,000 ஏக்கரில் பரந்து கிடக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம் அதன் முதல் பூங்கா. பின்னர் மேலும் மூன்று சேர்ந்தன. பிள்ளைகளைக் காணக் கடல் கடந்து செல்லும் நம் பெரியவர்கள் பலர், பேரக்குழந்தைகளின் கைபிடித்து அங்கும் போய் வருகிறார்கள்.

கும்பகோணத்துத் தம்பதி ஒருவரும் ஓர் ஆடி மாதத்தில் அவ்வாறு சென்றனர். பெரியவருக்கு எழுபத்து மூன்று வயது, முழங்கால் வலி. ஊர் திரும்பப் பத்தே நாட்கள் இருந்தன. இனி ஒருமுறை இவ்வளவு தூரம் வர உடம்பு இடம் கொடுக்குமோ என்ற எண்ணம் எல்லோர் மனத்திலும் இருந்தது. ஆகவே மகன் இரண்டு நாட்களுக்கும் கால்மணிக்கு ஒரு வரியாக அட்டவணை தயாரித்திருந்தார்.

அதில் தவறில்லை. அங்கே நுழைவுச்சீட்டின் விலையே நாளுக்கு நாள் மாறும். உணவகத்தில் அமர்ந்து உண்ண 60 நாட்களுக்கு முன்பே இடம் பிடிக்கலாம். நீண்ட வரிசையைத் தவிர்க்கும் கட்டண வழிக்கு, வளாக விடுதிகளில் தங்குவோர் 7 நாட்களும் மற்றவர்கள் 3 நாட்களும் முன்னதாகப் பதியலாம். எதையும் யோசிக்காமல் போகிறவருக்கு வெயிலில் நிற்பதிலேயே பொழுது போய்விடும்.

ஆனால் அட்டவணைக்குத் தெரியாத சங்கதிகளும் இருந்தன. காரை நிறுத்தும் இடம் பூங்காவின் வாசலில் இல்லை. அங்கிருந்து மோனோ ரயிலிலோ, ஏரியைக் கடக்கும் படகிலோ செல்ல வேண்டும். பூங்காவில் வாடகைக்குக் கிடைக்கும் சக்கர நாற்காலியை முன்பதிவு செய்ய இயலாது, முந்தியவருக்கே அது. பெரியவர் நாற்காலியில் அமர்ந்தபோது அட்டவணையின் முதல் மூன்று வரிகள் கடந்து போயிருந்தன. ‘ஸ்பேஸ் மவுண்டன்’ சவாரிக்கு 44 அங்குல உயரம் வேண்டும். ஆறு வயதுப் பேரன் ஒரு விரற்கடை குறைவு. வாசலிலேயே அழுதான். வீட்டுச் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டுப் பார்த்திருந்தால் அந்த அழுகை மிச்சமாகியிருக்கும்.

பிற்பகலில் வானம் இருண்டது. ஃப்ளோரிடாவின் கோடையில் மாலை நேர இடிமழை வாடிக்கை. மின்னல் நெருங்கினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். கூரை ஓரமாக நின்று மகன் அட்டவணையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த பணம் திரும்பாது. போன பொழுதும் அப்படியே.

“காகிதத்தை மடித்து வையப்பா. குழந்தையைக் கேள்” என்றார் பாட்டி.

பேரன் கேட்டது காலையில் போய்வந்த சிறு படகுச் சவாரியைத்தான். 1964-இன் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவான ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ அது. கூரைக்கு அடியில், பல நாட்டு உடையணிந்த பொம்மைகளின் நடுவே படகு மெதுவாக ஊர்ந்து செல்லும். உயர வரம்பு கிடையாது. மழை பெய்த நேரத்தில் இருமுறை போய்வந்தார்கள். பிறகு, அதே கண்காட்சியிலிருந்து வந்த ‘கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்’ அரங்கம். மேடைகள் நடுவில் நிற்க, பார்வையாளரின் இருக்கைகளே சுற்றி வருகின்றன. முழங்காலுக்கு இருபது நிமிட ஓய்வு. பேரன் தாத்தாவின் மடியில் உறங்கிப்போனான்.

வெளியே வந்து, கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தை ஈர பெஞ்சைத் துடைத்துவிட்டு அமர்ந்து உண்டனர். கண்ணாடிப் பாத்திரம் இல்லாதவரை வீட்டு உணவுக்கு அங்கே தடையில்லை.

அன்றிரவு மகன் மறுநாளைக்கான தாளைப் புதிதாக எழுதினார். திறக்கும் நேரத்துக்கு முன்பே போய் நாற்காலி வாங்குவது. உச்சி வெயிலில் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்து, அதே சீட்டில் மாலையில் மீண்டும் நுழைவது. பதிவு செய்த இரவு உணவு. இந்த மூன்று மட்டுமே அதில் இருந்தன. மீதி இடம் வெறுமையாக இருந்தது. அதில் பேரன் ஒரு படகு வரைந்து வைத்தான்.